விபத்துக்கும் ஃபார்முலா உண்டா? இருட்டு வானத்தில் தொடங்கி நம்ம ஹைவே வரை... ரூபன் ஸ்மீட் போட்ட கணக்கு

கல்வராயன் மலையில இருக்கிற வெள்ளிமலையில் இருந்து கீழே இறங்கும் பாதையில் வண்டிகள் ரொம்பக் குறைவு. கோமுகி அணை, கச்சிராயபாளையம் தாண்டி கள்ளக்குறிச்சி வந்து, சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையைத் தொட்டால் காட்சியே மாறிவிடும். லாரி, ஆம்னி பஸ், கார், கரும்பு ஏற்றிய டிராக்டர், நடுவில் புகுந்து போகும் பைக் என்று ரோடு நிறைந்திருக்கும்.

இந்த ரெண்டு ரோட்டில் எது அதிக ஆபத்து? வண்டி அதிகமா ஓடுற ரோடுதான் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். வண்டிகள் இரண்டு மடங்கு ஆனால் விபத்துச் சாவும் இரண்டு மடங்கு ஆகும் என்பதுதான் பொதுவான நினைப்பு.

இந்த நினைப்பு தப்பு என்று சுமார் 75 வருஷத்துக்கு முன்பே எண்களை வைத்துக் காட்டியவர் ரூபன் ஸ்மீட். சாலை விபத்தைப் படிக்கிற யாரும் இவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. அவர் எழுதிய ஃபார்முலாவுக்கு ஸ்மீட் விதி என்றே பெயர். ஆனால் அந்த ஃபார்முலா அவருடைய சொந்த நாட்டிலேயே பின்னாளில் பொய்த்துப்போனது. அது பொய்த்த கதையில்தான் நமக்கான செய்தி இருக்கிறது.

யார் இவர்? என்ன கணக்குப் போட்டார்? அது நம்ம ஊருக்குப் பொருந்துமா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஸ்மீட்?

ரூபன் ஜேக்கப் ஸ்மீட் 1909-ல் பிறந்த பிரிட்டிஷ் புள்ளியியல் அறிஞர். லண்டன் குயின் மேரி கல்லூரியில் கணிதம் படித்தார். அங்கேயே விமானப் பொறியியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். சாலைக்கும் அவருக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. கணக்கு, விமானம் இரண்டும்தான் அவர் உலகம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கணக்குத் தெரிந்தவர்களை எல்லாம் பிரிட்டன் ராணுவம் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தது. ஸ்மீட் போய்ச் சேர்ந்த இடம், பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவு. எத்தனை விமானம் போனது, எத்தனை திரும்பியது, திரும்பாதது ஏன் என்று எண்களை வைத்துக் கண்டுபிடிக்கும் குழுவில் அவர் மூத்த புள்ளியியலாளர்.

1943 ஜூலையில் அவருக்குக் கீழே 19 வயதுப் பையன் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இயற்பியல் அறிஞர் ஃப்ரீமன் டைசன்தான் அவர். ஸ்மீட் பற்றிய பல தகவல்கள் நமக்குக் கிடைப்பது டைசன் எழுதிவைத்த நினைவுகளில் இருந்துதான்.

வானத்தில் ஒரு டிராஃபிக்

அந்தக் குழுவின் முன்னால் வந்த கேள்விகளில் ஒன்று, நெரிசலில் மோதல் எவ்வளவு நடக்கும் என்பது.

பின்னணி இதுதான். ஜெர்மனி தன் எல்லையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ரேடார் வைத்திருந்தது. அந்த ரேடாரைப் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு போர் விமானத்தைத்தான் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் மேல் ஏவ முடியும். விமானங்கள் தள்ளித் தள்ளி வந்தால் ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்திவிடலாம். அதனால் பிரிட்டன் ஒரு உத்தி எடுத்தது. எல்லா விமானங்களும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஆற்று வெள்ளம் மாதிரி நெருக்கமாகப் போக வேண்டும். 1942 மே மாதக் கடைசியில் கொலோன் நகரத்தின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் சுமார் 90 நிமிடத்துக்குள் பறந்து போயின.

இதில் விமானிகளுக்கு ஒரு பயம். நள்ளிரவு, விளக்கு போடக்கூடாது, பக்கத்தில் யார் வருகிறார் என்று தெரியாது. எதிரி சுடுவதற்கு முன்னாலேயே சொந்த விமானத்தில் மோதிச் செத்துவிடுவோமோ?

நெருக்கத்துக்கும் மோதலுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு அறையில் 10 பேர் இருந்து ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் மொத்தம் 45 கைகுலுக்கல். 20 பேர் இருந்தால் 190. ஆள் இரண்டு மடங்குதான் ஆனது, சந்திப்பு நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. கைகுலுக்கலுக்குப் பதிலா மோதல் என்று வைத்துப் பாருங்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியாத இருட்டில், நெரிசல் கூடக் கூட மோதல் வாய்ப்பு அதைவிட வேகமாக ஏறும்.

ஆனாலும் கணக்கு முடிவில் வந்த விடை விமானிகள் எதிர்பார்க்காதது. மோதலில் போகும் விமானங்களைவிட எதிரிப் போர் விமானங்களால் போகும் விமானங்கள் பல மடங்கு அதிகம். அதனால் இன்னும் நெருக்கமாகப் பறப்பதுதான் மொத்தத்தில் பாதுகாப்பு. ஒரு ஆபத்தைக் கூட்டி இன்னொரு பெரிய ஆபத்தைக் குறைக்கும் கணக்கு அது. பறப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பயமும் எண் சொல்லும் ஆபத்தும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இதே குழு வேறு ஒரு விஷயத்தையும் கவனித்தது. அடிபட்ட விமானத்தில் இருந்து பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர்களின் விகிதம், லங்காஸ்டர் ரக விமானத்தில் ஹாலிஃபாக்ஸ் ரகத்தைவிடக் குறைவு. குதிக்கும் கதவு சின்னதாக இருந்ததுதான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். கதவை அகலப்படுத்த வைக்கவே பெரும்பாடு பட்டதாக டைசன் பதிவு செய்திருக்கிறார். விபத்தைத் தடுப்பது ஒன்று, விபத்து நடந்த பிறகு பிழைக்க வைப்பது இன்னொன்று. ரெண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அந்தப் படைப்பிரிவில் போர் முடிவதற்குள் இறந்தவர்கள் 55,573 பேர்.

போர் முடிந்தது, சாலைக்கு வந்தார்

1947-ல் ஸ்மீட் பிரிட்டன் அரசின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அடுத்த சுமார் 20 வருஷம் அங்கேதான். டிராஃபிக், பாதுகாப்பு இரண்டுக்கும் பொறுப்பான துணை இயக்குநர் வரை உயர்ந்தார்.

அந்தக் காலத்தில் அந்தக் கூடம் செய்த வேலைகளை இன்றும் நாம் தினமும் மிதித்துக்கொண்டுதான் போகிறோம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜீப்ரா கிராஸிங் அங்கே பரிசோதிக்கப்பட்டு 1951-ல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. சிக்னலில் பச்சை எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று கணக்கிடும் வெப்ஸ்டர் முறை 1958-ல் அங்கிருந்து வெளியானது. நம்ம ஊரு சிவில் இன்ஜினீயரிங் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஸ்மீட் அங்கே கொண்டுவந்தது ஒரு பழக்கம். விபத்து என்றால் விதி, டிரைவரின் தவறு என்று ஒவ்வொரு சம்பவமாகப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், எல்லாச் சம்பவங்களையும் மொத்தமாக எண்ணிப் பார்க்கும் பழக்கம்.

1949: ஸ்மீட் விதி பிறந்தது

1949-ல் ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரை வெளியானது. 20 நாடுகளின் 1938-ம் ஆண்டுத் தரவுகளை எடுத்துக்கொண்டார். பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள், கூடவே அமெரிக்கா போன்றவை. ஒவ்வொரு நாட்டிலும் மூன்றே மூன்று எண்கள். எத்தனை வாகனங்கள், எத்தனை மக்கள், சாலையில் எத்தனை பேர் இறந்தார்கள்.

கிடைத்த ஃபார்முலா இதுதான்.

வருடாந்திர உயிரிழப்பு = 0.0003 × (வாகனங்கள் × மக்கள்தொகை × மக்கள்தொகை) என்பதன் கனமூலம்.

கனமூலம் என்றதும் பயப்பட வேண்டாம். 8-ன் கனமூலம் 2. அதாவது மக்கள்தொகை அப்படியே இருந்து, வாகனங்கள் மட்டும் 8 மடங்கு ஆனால், உயிரிழப்பு 2 மடங்குதான் ஆகும். வாகனங்கள் 2 மடங்கு ஆனால் உயிரிழப்பு சுமார் 26 சதவீதம்தான் கூடும்.

இங்கேதான் ஆச்சரியம். இருட்டு வானத்துக் கணக்குப்படி பார்த்தால் வண்டி இரண்டு மடங்கானால் மோதல் நான்கு மடங்கு ஏற வேண்டும். சாலையில் நடந்ததோ நேர் எதிர். நெரிசல் கூடக் கூட, ஒவ்வொரு வண்டியும் கொல்லும் வாய்ப்பு குறைந்துகொண்டே போனது. ஆயிரம் பேருக்கு 10 வண்டி இருக்கும் நாட்டைவிட 100 வண்டி இருக்கும் நாட்டில், ஒரு வண்டிக்கான உயிரிழப்பு நாலரை மடங்குக்கு மேல் குறைவு. அதே நேரம் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உயிரிழப்பு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம்.

இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. வண்டிகள் பெருகுவதுதான் சாவுக்குக் காரணம் என்று சொல்பவருக்கும் இது பதில். வண்டி பெருகினாலும் பரவாயில்லை என்று சொல்பவருக்கும் இது பதில்.

ஏன் இப்படி?

வானத்தில் விமானிக்குப் பக்கத்து விமானம் தெரியவில்லை. ரோட்டில் டிரைவருக்குத் தெரிகிறது. பார்த்தால் மனிதன் மாறுகிறான். பிரேக் போடுகிறான், பிள்ளையைக் கையைப் பிடித்து ரோடு கடக்க வைக்கிறான், ஊர்க்காரர்கள் சேர்ந்து வேகத்தடை கேட்டு மறியல் செய்கிறார்கள், அரசு சட்டம் போடுகிறது.

ஸ்மீட் இதில் இருந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு சமூகம் எத்தனை சாவைச் சகித்துக்கொள்கிறதோ அத்தனை சாவுதான் அங்கே நடக்கும் என்பது அவர் கருத்து. எண்ணிக்கை அந்த அளவைத் தாண்டினால் மக்கள் கூச்சல் போடுவார்கள், கவனமாவார்கள், விபத்து குறையும். அளவுக்குக் கீழே போனால் அசட்டையாவார்கள், விபத்து மறுபடி ஏறும். சட்டம், ரோடு, வண்டி எல்லாம் மேம்பட்டாலும் கடைசியில் மனித மனம்தான் எண்ணைத் தீர்மானிக்கிறது என்று அவர் நினைத்ததாக டைசன் எழுதியிருக்கிறார்.

நகர நெரிசல் பற்றியும் இதே மாதிரிதான் சொன்னார். மத்திய லண்டனில் வாகனங்களின் சராசரி வேகம் எப்போதும் மணிக்கு 9 மைல், அதாவது சுமார் 14 கி.மீ. அளவிலேயே இருக்கும் என்பது அவர் கணிப்பு. புதுப் பாலம் கட்டினால் அதிக வண்டிகள் வரும், வேகம் பழைய இடத்துக்கே இறங்கும். அதைவிட மெதுவாகப் போனால் மக்கள் பொறுக்க மாட்டார்கள், வண்டியை வீட்டில் விட்டுவிடுவார்கள். ஃபிளைஓவர் திறந்த மூணாவது வருஷமே பழையபடி ஜாம் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இது புரியும்.

நெரிசலில் ஆபத்து எப்படி மாறுகிறது?

ஸ்மீட் நாடு முழுவதுக்குமான கணக்கைப் போட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை ஒரே ரோடு, ஒரே மணி நேரம் என்று நுணுக்கமாக்கினார்கள். இன்று வளர்ந்த நாடுகளின் விரைவுச் சாலைகளில் சென்சார்கள் பதித்து, வண்டிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் எடுத்து, அடுத்து எங்கே மோதல் வரலாம் என்று கணிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

ரோடு காலியாக இருக்கும்போது நடப்பது பெரும்பாலும் ஒற்றை வண்டி விபத்து. தூக்கம், அதிவேகம், வளைவில் கட்டுப்பாடு இழப்பது, மரத்தில் மோதுவது. எண்ணிக்கை குறைவு, ஆனால் வேகம் அதிகம் என்பதால் உயிர் போகும் வாய்ப்பு அதிகம்.

ரோடு நிறைந்திருக்கும்போது நடப்பது வண்டிக்கு வண்டி மோதல். முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் அடிக்க, பின்னால் வருகிறவர் இடிப்பது அதிகம். எண்ணிக்கை கூடும், ஆனால் வேகம் குறைவு என்பதால் பெரும்பாலும் பம்பரும் விளக்கும் உடைவதோடு போய்விடும்.

ரொம்ப ஆபத்தானது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலை. ரோடு கிட்டத்தட்ட நிறைந்திருக்கும், ஆனால் வேகம் இன்னும் குறைந்திருக்காது. ஒரு பக்கம் 90-ல் கார், பக்கத்தில் 40-ல் டிராக்டர். அல்லது, வேகமாக வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று நிற்கும் வரிசையின் வால். வண்டிகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசம்தான் இங்கே எதிரி.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிர் பறிக்கும் விபத்துக்கான ஆபத்து சுமார் 4 சதவீதம் கூடும்.

ரோட்டுக்கு வாடகை கேட்ட அறிக்கை

1962-ல் பிரிட்டன் போக்குவரத்து அமைச்சகம் ஒரு குழு அமைத்து ஸ்மீட்டைத் தலைவராக்கியது. நெரிசலான ரோட்டைப் பயன்படுத்த வாகனங்களிடம் கட்டணம் வாங்க முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. 1964-ல் அறிக்கை வந்தது. முடியும், செய்யலாம், நெரிசலுக்கு ஏற்ப கட்டணம் மாற வேண்டும், அதற்கு வண்டியில் மீட்டர் மாதிரி கருவி வைக்கலாம் என்றது அறிக்கை. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வராத காலத்தில் இப்படி ஒரு யோசனை.

ஓட்டுப் போடும் மக்களிடம் போய் ரோட்டில் போகக் காசு கொடுங்கள் என்று சொல்ல எந்தக் கட்சி துணியும்? அறிக்கை அலமாரிக்குப் போனது.

1960-களின் பிற்பகுதியில் ஸ்மீட் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டிராஃபிக் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். 1975 ஜூனில் சிங்கப்பூர், நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தது. அடுத்த வருஷம், 1976-ல் ஸ்மீட் காலமானார். லண்டனில் அந்தக் கட்டணம் வந்தது 2003 பிப்ரவரி 17-ம் தேதி. ஒரு நாளைக்கு 5 பவுண்டு. அறிக்கை வந்து 39 வருஷம் ஆகியிருந்தது.

நம்ம நாட்டுக்குப் போட்டுப் பார்த்தா?

2016-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பதிவான வாகனங்கள் சுமார் 23 கோடி. மக்கள்தொகை சுமார் 130 கோடி. ஸ்மீட் ஃபார்முலாவில் போட்டால் வரும் விடை சுமார் 2.2 லட்சம் உயிரிழப்பு.

அந்த வருஷம் அரசு வெளியிட்ட கணக்கு 1,50,785. அதே வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 2.99 லட்சம். போலீஸ் பதிவுக்கு வராத சாவுகளையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு அது. 1938-ம் ஆண்டுத் தரவை வைத்து எழுதிய ஃபார்முலா, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

இது முழுப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய இரும்புக் கடைக்குப் போன வண்டியும் நம்ம பதிவுக் கணக்கில் இருக்கும். ஃபார்முலா வண்டிகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, எத்தனை கி.மீ. ஓடியது என்று பார்ப்பதில்லை. பைக்கையும் லாரியையும் ஒன்றாகவே எண்ணுகிறது. இந்திய மாநிலங்களின் தரவை வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், மாநிலத்துக்கு மாநிலம் இது மாறுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

2022-ல் அரசுக் கணக்குப்படி இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் டூ வீலரில் போனவர்கள். 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்.

ஃபார்முலா தோற்ற இடம்

இப்போது அதே கணக்கை பிரிட்டனுக்குப் போடலாம். 2019-ல் அங்கே சுமார் 3.9 கோடி வாகனங்கள், 6.5 கோடி மக்கள். ஸ்மீட் விதிப்படி சுமார் 16,000 பேர் இறந்திருக்க வேண்டும்.

இறந்தவர்கள் 1,752 பேர். ஃபார்முலா சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான்.

எப்படி நடந்தது? 1966-ல் அங்கே 7,985 பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய உச்சம் அது. அதற்கு முந்தைய வருஷக் கடைசியில்தான் மணிக்கு 70 மைல் வேக வரம்பு வந்திருந்தது. 1967-ல் குடித்துவிட்டு ஓட்டுபவர்களை ஊதச் சொல்லிப் பிடிக்கும் சட்டம் வந்தது. 1983-ல் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம் ஆனது. நடுவில் தடுப்பு வைத்த மோட்டார்வேக்கள், நசுங்கினாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் கார்கள், சீக்கிரம் வந்து சேரும் ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வாகனங்கள் மடங்கு மடங்காகப் பெருக, சாவு மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

ஸ்மீட் சொன்னபடி பார்த்தால் சாவு குறைந்ததும் மக்கள் அசட்டையாகி அது மறுபடி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சகிப்பின் அளவே கீழே இறங்கியது. 1997-ல் ஸ்வீடன் ஒரு படி மேலே போய், சாலையில் ஒரு உயிரிழப்பைக்கூட ஏற்க முடியாது என்பதையே அரசுக் கொள்கையாக்கியது. மனிதன் தப்பு செய்யத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு உயிரை விலையாகக் கேட்காத ரோட்டைக் கட்டு என்பதுதான் அதன் சாரம்.

கள்ளக்குறிச்சி ரோட்டில் இதற்கு என்ன அர்த்தம்?

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை சுமார் 136 கி.மீ. நான்கு வழிச்சாலையாகப் போட்டபோது, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ் பகுதிகள் மட்டும் இருவழியாகவே விடப்பட்டன. நடுவில் தடுப்பு உள்ள அகலமான ரோட்டில் வேகமாக வரும் வண்டி, சட்டென்று தடுப்பே இல்லாத ரோட்டுக்குள் நுழைகிறது. வேகம் குறையவில்லை, நெரிசல் கூடிவிட்டது, எதிர்ப்பக்கம் வண்டி நேரே வருகிறது. மேலே சொன்ன அந்த நடு நிலை இதுதான். இந்த இடங்களில் நேருக்கு நேர் மோதல்கள் தொடர்ந்து செய்தியானதும், இந்த ரோடு அதிக உயிர்ப்பலி வாங்கும் சாலை என்று பெயர் எடுத்ததும் இப்படித்தான். பல வருஷக் கோரிக்கைக்குப் பிறகே பைபாஸ்களை நான்கு வழியாக்கும் வேலைகள் எடுக்கப்பட்டன.

இங்கே டிரைவர் பார்த்துப் போகணும் என்று சொல்வது சரிதான். ஆனால் ஒரே டிரைவர், ஒரே வண்டி, 20 கி.மீ. முன்னால் பத்திரமாக வந்த ஆள், பைபாஸில் மட்டும் ஏன் மோதுகிறார் என்று கேட்டால் பதில் ரோட்டில்தான் இருக்கிறது.

வெள்ளிமலைப் பாதைக்குக் கணக்கு வேறு. வண்டி குறைவு, விபத்தும் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் சின்ன எண்கள் ஏமாற்றும். ஒரு வளைவில் மூணு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அது பாதுகாப்பான வளைவு என்று ஆகிவிடாது. அரிதாக நடப்பது ஒரு வருஷம் வராமல் இருக்கும், அடுத்த வருஷம் ரெண்டாக வரும். அதேபோல விபத்து நடந்த மறுநாள் ஒரு எச்சரிக்கை போர்டு நட்டு, அடுத்த வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால், போர்டுதான் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் மலைப்பாதைகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று காத்திருந்து எண்ணாமல், வளைவு, சரிவு, ஓரத் தடுப்பு, சரக்கு வேனில் ஆட்களை ஏற்றுவது போன்ற ஆபத்துகளை நேரடியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று தூரம். விமானத்தின் சின்னக் கதவு நினைவிருக்கிறதா? மலை மேல் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி, வளைவுகளில் இறக்கி, கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரும் நேரம்தான் அங்கே கதவின் அகலம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அந்த 48 மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் மலைக்காரர்களுக்கு ரோட்டிலேயே போய்விடக்கூடும்.

எண்ணத் தொடங்கியிருக்கிறோம்

ஸ்மீட் 20 நாட்டுக் கணக்கைக் காகிதத்தில் போட்டார். இப்போது விபத்து நடந்த இடத்துக்குப் போகும் போலீஸ்காரர், செல்போன் ஆப்பில் இடம், நேரம், வண்டி, ரோட்டின் நிலை எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஐராட் என்ற தரவுத்தளம் அது. முதலில் சோதித்துப் பார்த்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஆபத்து கூடுகிறது என்று இன்று சொல்ல முடியும்.

சொன்ன பிறகு என்ன செய்வோம் என்பதுதான் மிச்சம். 1,68,491 என்ற எண்ணைப் படித்துவிட்டு நாடு அடுத்த செய்திக்குப் போய்விட்டால், ஸ்மீட்டின் ஃபார்முலா இங்கே இன்னும் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பிரிட்டனில் அது வேலை செய்யாமல் போக, 1966-ன் உச்சத்தில் இருந்து சுமார் 50 வருஷம் பிடித்தது. எந்தெந்த வழியில் குறைத்தார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். நம்ம நாட்டுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.